ஒன்றோடொன்று அளவு ஒத்துப்போகாத 20 கட்டங்கள்: குவில்ட் தைப்பவர்கள் உதவுங்கள்

சாட்ஸ்வர்த் ஊசிநூல்
ஞாயிறு, மாலை 4:15

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வர்த்தில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெண்கள் சேர்ந்து ஒரு குவில்ட் (துண்டுத் துணிகளைச் சேர்த்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைத்துக்கொண்டிருக்கிறோம். வகுப்பு முடியும் வரை வெளியே காத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் தொடங்கிய வேலை இது. முடிந்ததும் எங்கள் பகுதியில் உள்ள முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

எடுத்துக்கொண்டது ஓஹையோ ஸ்டார் என்ற எட்டு முனை நட்சத்திர வடிவம். மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது சதுரம் சேர்ந்தது ஒரு கட்டம். நாலு வரிசை அகலம், ஐந்து வரிசை நீளம், மொத்தம் 20 கட்டங்கள். ஓரத்தில் தையலுக்கு விட்ட துணியோடு ஒவ்வொன்றும் 12½ அங்குலம் இருக்க வேண்டும். ஒன்றாகச் சேர்த்த பிறகு 12 அங்குலமாகத் தெரியும்.

நேற்று எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி அளந்து பார்த்தேன். சரியாக 12½ இருந்தவை 6தான். 9 கட்டங்கள் 12¼-இலிருந்து 12⅜ வரை. 4 கட்டங்கள் பெரியவை, அவற்றில் ஒன்று 12¾. எல்லாவற்றிலும் சிறியது 11⅞.

அந்தச் சிறிய கட்டத்தைத் தைத்தது எங்களில் மூத்தவரான 81 வயது அம்மா. அதைத் தைத்துக் கொடுத்த பிறகு அவருக்குப் பார்வை மிகவும் மங்கிவிட்டது. இன்னொன்று தைத்துத் தாருங்கள் என்று கேட்க முடியாது. அவருடைய கட்டம் இல்லாமல் இந்தக் குவில்ட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் சிறியதன் அளவுக்கு வெட்டிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார். அப்படி வெட்டினால் நட்சத்திரங்களின் கூர்முனைகள் போய்விடுமே என்று பயமாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.


லெனேஷியா தையல்
ஞாயிறு, மாலை 5:02

அக்கா, நான் முன்பு ஒரு குழந்தைப் போர்வைக்கு அப்படித்தான் செய்தேன். வெறும் சதுரங்களால் ஆன கட்டங்கள், எல்லாவற்றையும் சிறியதற்குச் சமமாக வெட்டினேன், ஒரு மாலையில் வேலை முடிந்தது. ஓரத்துச் சதுரங்கள் நடுவில் உள்ளதைவிடக் கொஞ்சம் ஒடுங்கித் தெரிந்தன, ஆனால் யார் கண்ணிலும் படவில்லை. இல்லத்தில் இருப்பவர்களுக்கு வேண்டியது கதகதப்பு. நாட்கணக்கில் இதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது என் கருத்து.


மெஷின்காரி, மெர்பேங்க்
ஞாயிறு, இரவு 7:40

தங்கச்சி, கத்தியைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

லெனேஷியா சொன்னது வெறும் சதுரக் கட்டத்துக்குச் சரி. ஓஹையோ ஸ்டாரில் நட்சத்திரத்தின் எட்டு முனைகளும் கட்டத்தின் விளிம்பை நோக்கி வருகின்றன. முனைக்கும் துணி ஓரத்துக்கும் நடுவில் கால் அங்குலம் இருந்தால்தான் அடுத்த துணியோடு சேர்க்கும்போது முனை கூர்மையாக நிற்கும். 12½ அங்குலக் கட்டத்தை 11⅞ ஆக்கினால் பக்கத்துக்கு இரண்டரை நூல் போகிறது (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). கால் அங்குலம் என்பது இரண்டே நூல்தான். அதாவது மற்ற 19 கட்டங்களில் பெரும்பாலானவற்றின் முனைகள் தைக்கும் முன்பே வெட்டுப்பட்டுவிடும். ஒரு அம்மாவின் கட்டத்துக்கு மதிப்புக் கொடுக்கப் போய் மற்ற எல்லோர் வேலையையும் கெடுப்பது நியாயமில்லை.

நான் டர்பனில் துணித் தொழிற்சாலைகளில் 22 வருடம் மெஷினில் உட்கார்ந்தவள். அளவு தப்பி ஒரு கட்டு திரும்பி வந்தால் நாங்கள் முதலில் கேட்பது, எங்கே தப்பியது என்பதுதான். வெட்டும் மேசையிலா, மெஷினிலா, இஸ்திரியிலா? அது தெரியாமல் சரிசெய்யப் போனால் அடுத்த கட்டும் அப்படியேதான் வரும்.

அதனால் எனக்கு இதைச் சொல்லுங்கள். எல்லோரும் அங்குலத்தில்தான் வெட்டினார்களா? யார் யார் என்ன துணி எடுத்தார்கள்? துவைத்த துணியா, துவைக்காததா? அளந்தது எதை வைத்து?


சாட்ஸ்வர்த் ஊசிநூல்
ஞாயிறு, இரவு 9:05

நன்றி அக்கா. உடனே குழுவில் விசாரித்தேன்.

புத்தகத்தில் அளவெல்லாம் அங்குலத்தில் இருந்தது. பெரும்பாலானவர்கள் அப்படியே செய்திருக்கிறார்கள். இளையவர்கள் இரண்டு பேருக்கு அங்குலம் பழக்கமில்லை, பள்ளியில் படித்தது முழுக்க சென்டிமீட்டர். சதுரம் வெட்ட வேண்டிய 4½ அங்குலத்தை 11.5 செ.மீ. என்றும், பிடிப்புக்கு, அதாவது தையலுக்கும் துணி ஓரத்துக்கும் நடுவில், விட வேண்டிய கால் அங்குலத்தை அரை சென்டிமீட்டர் என்றும் எடுத்துக்கொண்டார்களாம். 12¾ வந்த கட்டம் அவர்களில் ஒருவருடையது.

81 வயது அம்மாவும் உங்களைப் போலத் தொழிற்சாலையில் இருந்தவர். எப்போதும் தைக்கும் பிடிப்பில்தான் தைத்தேன் என்றார். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 1 செ.மீ. பிடித்திருக்கிறார்.

துணி பல வகை. ஐந்து பேர் ஷ்வேஷ்வே (கஞ்சி ஏற்றிய நம் ஊர் அச்சுப் பருத்தி) எடுத்திருக்கிறார்கள், மற்றவை சாதாரணப் பருத்தி. துவைத்தது யார், துவைக்காதது யார் என்று யாருக்கும் சரியாக நினைவில்லை. நான் அளந்தது பாட்டி காலத்துத் தையல் டேப்பை வைத்து.


கணக்கு வாத்தியார், மாரிட்ஸ்பர்க்
திங்கள், காலை 6:30

தையல் எனக்குத் தெரியாது. என் மனைவி குவில்ட் தைப்பவர், அவருக்கு அளவுக் கணக்கு போட்டுக் கொடுப்பது என் வேலை. இந்த விவாதத்தை அவர்தான் காட்டினார். உங்கள் எண்களைப் பார்த்ததும் காலையிலேயே போட்டுப் பார்த்துவிட்டேன்.

மூன்று சதுரம் ஒரு வரிசையில் சேர்ந்தால் நடுவில் இரண்டு தையல். ஒவ்வொரு தையலும் இரு பக்கத் துணியையும் விழுங்குகிறது. ஆக ஒரு வரிசையில் நான்கு பிடிப்பு. பிடிப்பில் ஏற்படும் எந்தப் பிசகும் நான்கு மடங்காகிறது.

அரை நூல் கூடப் பிடித்தால், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கட்டத்தில் இரண்டு நூல் குறையும். 12½ இருக்க வேண்டியது 12¼ ஆகிவிடும். உங்கள் 9 கட்டங்களின் கதை இதுதான். அரை நூல் என்பது பென்சில் கோட்டின் எந்தப் பக்கத்தில் தைத்தோம் என்ற அளவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது.

அம்மாவின் கட்டம். கால் அங்குலம் 6.35 மி.மீ. அவர் பிடித்தது 10 மி.மீ. கூடுதல் 3.65, நான்கால் பெருக்கினால் 14.6 மி.மீ. ஒரு நூல் 3.175 மி.மீ. என்பதால் இது நாலரை நூலுக்குக் கொஞ்சம் மேல். 12½-இலிருந்து கழித்தால் 11⅞-ஐ ஒட்டி வருகிறது. நீங்கள் அளந்ததும் அதுதானே? அந்த அம்மாவின் கையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அத்தனை தையலிலும் ஒரே 1 செ.மீ. பிடித்திருக்கிறார்.

பெரிய கட்டம். 4½ அங்குலம் 11.43 செ.மீ. அதை 11.5 ஆக்கியதால் சதுரத்துக்கு 0.7 மி.மீ., மூன்றுக்கு 2.1. பிடிப்பு 6.35-க்குப் பதில் 5 என்பதால் நான்கு பிடிப்பில் 5.4 மிச்சம். மொத்தம் 7.5 மி.மீ., இரண்டு நூலுக்குக் கொஞ்சம் கூட. 12½-ஓடு கூட்டினால் 12¾.

இது மூன்று சதுர வரிசை. எட்டுச் சதுர வரிசையாக இருந்தால் ஏழு தையல், பதினான்கு பிடிப்பு. அதே அரை நூல் பிசகு ஏழு நூலாகியிருக்கும், கிட்டத்தட்ட ஒரு அங்குலம்.


மெஷின்காரி, மெர்பேங்க்
திங்கள், மாலை 6:10

ஐயா கணக்கைப் போட்டு உடைத்துவிட்டார், மிகவும் நன்றி. அந்த அம்மாவைப் பற்றி அவர் சொன்னதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சென்டிமீட்டர் எங்கள் கையில் ஊறிப்போன அளவு. ஓவர்லாக்கரில் (துணி ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் மெஷின்) வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்களுக்குக் கால் அங்குலம் என்பது துணி நழுவிவிடுமோ என்ற பயத்தைத்தான் தரும்.

ஊசிநூல் தங்கச்சி, இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சின்னதாய்ப் போன கட்டத்தைப் பெரிதாக்க முடியும், ஏனென்றால் துணி உள்ளேயே இருக்கிறது. அதிகம் பிடித்ததால்தான் குறைந்தது. செய்யும் முறை இப்படி. பழைய தையலை முதலில் பிரிக்காதீர்கள். கட்டத்தைத் திருப்பிப் போட்டு, பழைய தையலுக்கும் துணி ஓரத்துக்கும் நடுவில், ஓரத்திலிருந்து கால் அங்குலத்தில் புதிதாக ஒரு தையல் ஓட்டுங்கள். அதன் பிறகு பழைய தையலைப் பிரியுங்கள். துண்டுகள் இடம் மாறாது, சேர்ந்த மூலைகள் விலகாது. முதலிலேயே பிரித்துவிட்டால் கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வெட்டிய முக்கோணங்கள் இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் சேர்ப்பது பெரும்பாடு.

குறுக்குத் தையல்கள் வரும் இடத்தில் மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். முதலில் வரிசைகளைச் சேர்க்கும் இரண்டு நீளத் தையல்கள். பிறகு அந்தந்த வரிசைக்குள் இருக்கும் சின்னத் தையல்கள். சின்னத் தையலைச் சரிசெய்ய நீளத் தையலை அந்த இடத்தில் ஒரு அங்குலம் பிரிக்க வேண்டியிருக்கும்.

ஆனால் இதைச் செய்யும் முன் அந்த அம்மாவிடம் கேளுங்கள். அவர் வேலை அது.


டோங்காட் பேத்தி
திங்கள், இரவு 8:25

இதைப் படிக்கும்போது என் பாட்டி ஞாபகம். கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் பழைய சேலைகளை அடுக்கி, மாவு மூட்டைத் துணியை அடியில் வைத்து, கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுப் போர்வை செய்வார். அளவுக்கு ஸ்கேல் கிடையாது, சாணும் விரற்கடையும்தான். எல்லாத் துண்டையும் அவரே வெட்டியதால் எல்லாம் அவர் சாணுக்குப் பொருந்தியது. இருபது பேர் தைக்கும்போது இருபது சாண் ஆகிவிடுகிறது.

அட்டை வைத்து வரைந்து வெட்டியவர்கள் யாராவது உண்டா அக்கா? நான் ஒருமுறை காலை உணவு டப்பா அட்டையில் முக்கோணம் வெட்டி வைத்து வரைந்தேன். முப்பது தடவை வரைந்ததில் அட்டையின் மூலை மழுங்கிவிட்டது, கடைசித் துண்டுகளுக்கும் முதல் துண்டுகளுக்கும் நன்றாகவே வித்தியாசம். அதிலிருந்து கெட்டி பிளாஸ்டிக்தான்.


நீலத்துணி, ஈஸ்ட் லண்டன்
செவ்வாய், காலை 10:15

ஷ்வேஷ்வே என்றதும் வந்துவிட்டேன். ஸ்வெலிட்ஷாவில் இருக்கும், ஷ்வேஷ்வே அச்சிடும் ட கமா ஆலை எனக்கு அதிக தூரமில்லை. 20 வருடமாக இந்தத் துணியில்தான் தைக்கிறேன்.

கடையில் வாங்கும்போது ஷ்வேஷ்வே அட்டை மாதிரி மொடமொடவென்று இருப்பது அதில் ஏற்றிய கஞ்சியால். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த காலத்தில் கடல் ஈரத்திலிருந்து துணியைக் காக்கப் போட்ட கஞ்சி என்பார்கள். இங்கேயே அச்சிடத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை, மக்கள் அந்த மொடமொடப்பையும் வாசனையையும் வைத்துத்தான் அசலா என்று பார்க்கிறார்கள். அதோடு துணியின் பின்பக்கம் மூன்று பூனை முத்திரையையும் பார்ப்பார்கள். அந்தப் பூனை அச்சுகளின் உரிமையை ட கமா 1992-இல் வாங்கியது.

குவில்ட் தைப்பவர்களுக்கு இதில் இரண்டு விஷயம். அகலம் 90 செ.மீ.தான். மற்ற குவில்ட் பருத்தி பெரும்பாலும் 110 செ.மீ. என்பதால் புத்தகத்தில் போட்ட மீட்டர் கணக்கு இதற்குப் போதாது. இரண்டாவது, தண்ணீர் பட்டதும் கஞ்சி போய்த் துணி சுருங்கும். கடைசியாக வாங்கிய துணியில் 50 செ.மீ. சதுரம் வெட்டித் துவைத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் 48.5 ஆனது. துவைக்காமல் வெட்டி, தைக்கும்போது நீராவி இஸ்திரி வைத்தால் மேசையிலேயே சுருங்கத் தொடங்கும். ஒரே கட்டத்தில் பாதி ஷ்வேஷ்வே, பாதி துவைத்த பருத்தி என்றால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணலாகும்.

இப்போது துவைக்காதீர்கள். தைத்த கட்டத்தைத் துவைத்தால் ஓரமெல்லாம் இழை பிரியும். அந்த ஐந்து கட்டங்களின் மேலும் ஈரத்துணி போட்டு, சூடான இஸ்திரியை வைத்து எடுத்து, வைத்து எடுத்து அழுத்துங்கள். தட்டையாகக் கிடத்தி நன்றாக ஆறவிட்டு அப்புறம் அளங்கள். சுருங்க வேண்டியதில் ஒரு பங்காவது இப்போதே சுருங்கிவிடும்.

பக்கத்தில் வெள்ளை இருந்தால் நீலம் சாயம் விடுகிறதா என்றும் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் ஒற்றி எடுத்தாலே தெரியும்.


மெஷின்காரி, மெர்பேங்க்
செவ்வாய், பகல் 1:30

நீலத்துணி சொன்ன "வைத்து எடுத்து" என்பதை எல்லோரும் மனதில் வையுங்கள். நம் பேச்சில் துணி தேய்ப்பது என்று சொல்லியே பழகிவிட்டோம், கையும் அப்படியே முன்னும் பின்னும் போகிறது. குவில்ட் கட்டத்தைத் தேய்க்கவே கூடாது. நட்சத்திர முக்கோணங்களின் ஓரம் கிராஸாக இருக்கும், நீராவியோடு தேய்த்தால் ரப்பர் மாதிரி நீளும். பெரியதாக வந்த கட்டங்களில் சிலவற்றுக்கு அதுவும் காரணமாக இருக்கும்.

கஞ்சி இருந்தால் இழுவை குறையும். நான் மைசீனாவை (சோள மாவு) தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, நன்றாக நீர்க்க வைத்துத் தெளிப்பேன். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தால் முக்கோணம் சொன்னபடி கேட்கும்.

முக்கோணச் சதுரங்களை எப்போதும் கொஞ்சம் பெரிதாகத் தைத்து, பிறகு 4½-க்கு வெட்டிச் சரிசெய்வது என் வழக்கம். 4 அங்குல நாலு முக்கோணச் சதுரத்துக்குப் புத்தகம் 5¼ அங்குலத்தில் வெட்டச் சொல்லும். நான் 5½ வெட்டுவேன். அந்தக் கால் அங்குலத் துணி வீண் என்று நினைக்க வேண்டாம்.

பாட்டி காலத்து டேப்பை மட்டும் தயவுசெய்து எடுத்து வைத்துவிடுங்கள் தங்கச்சி. பழைய டேப் நீளும். ஒரே ஒரு கெட்டி ஸ்கேலை வைத்து எல்லாவற்றையும் திரும்ப அளங்கள், ஓரத்தில் மட்டும் அளக்காமல் நடுவிலும் அளங்கள்.


புதுசு
செவ்வாய், இரவு 9:50

நான் தைக்க ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. கால் அங்குலம் சரியாக வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் மெஷின் காலின் ஓரத்தை வைத்துத்தான் தைக்கிறேன்.


மெஷின்காரி, மெர்பேங்க்
செவ்வாய், இரவு 10:20

நல்ல கேள்வி கண்ணு. மெஷின் காலை நம்பாதே, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒவ்வொரு அகலம். 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டு. மூன்றையும் பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்து, இஸ்திரி வைத்து, நடுப்பட்டையை அள. சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும், மொத்த அகலம் 3½. குறைந்தால் அதிகம் பிடிக்கிறாய், கூடினால் குறைவாகப் பிடிக்கிறாய்.

பெரும்பாலும் குறைந்துதான் வரும். துணி மடியும் இடத்தில் அந்த மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்றுவிடுகிறது. அதனால் கால் அங்குலத்தைவிட ஓரிரு இழை குறைவாகப் பிடித்துத் தைக்க வேண்டும். சரியாக வந்த இடத்தில் மெஷின் தட்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டி அடையாளம் வைத்துக்கொள். இந்த விவாதத்தைத் தொடங்கிய அக்காவும் 20 பேருக்கும் இந்தச் சோதனையை முதல் நாளே வைத்திருக்கலாம், அடுத்த குவில்ட்டுக்கு ஆகட்டும்.


சாட்ஸ்வர்த் ஊசிநூல்
வியாழன், இரவு 8:40

அம்மாவைப் பார்க்கப் போனேன். வாத்தியார் ஐயாவின் கணக்கைத் தமிழில் படித்துக் காட்டினேன். "ஒரே மாதிரி பிடித்திருக்கிறேனா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு கட்டத்தை வாங்கித் தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "பிரி, ஆனால் அந்த அக்கா சொன்ன மாதிரி முதலில் புதுத் தையல் போட்டுவிட்டுப் பிரி, நான் பக்கத்திலேயே இருக்கிறேன்" என்றார். அவருடைய மெஷினிலேயே தைத்தேன். பிரித்ததெல்லாம் அவர்தான், கண்ணால் பார்க்காமல் விரல் நுனியால் நூலைத் தேடி எடுத்தார். மூன்று மணி நேரம் ஆனது. பழைய ஊசித் துளைகள் கொஞ்சம் தெரிந்தன, ஈரத்துணி வைத்து அழுத்தியதும் பெரும்பாலும் மூடிக்கொண்டன.

இப்போது அந்தக் கட்டம் 12¼.

மற்றவற்றையும் கெட்டி ஸ்கேலில் திரும்ப அளந்தேன். ஷ்வேஷ்வே ஐந்தும் ஈர இஸ்திரிக்குப் பிறகு ஒரு நூல் வரை குறைந்தன. இப்போது எல்லாமே 12¼-க்கும் 12¾-க்கும் நடுவில். ஆனாலும் அரை அங்குல வித்தியாசம் இருக்கிறதே. இனி என்ன செய்ய?


மெஷின்காரி, மெர்பேங்க்
வியாழன், இரவு 9:15

இரண்டு நூல் வரை வித்தியாசம் என்றால் இழுத்து இணக்கித் தைத்துவிடலாம். இரண்டு முனைகளையும் நடுவையும் முதலில் குண்டூசியால் சேர்த்து, பிறகு இடைவெளிகளில் குத்தி, பெரிய கட்டத்தை அடியில் வைத்துத் தையுங்கள். மெஷினின் அடிப்பற்கள் கீழ்த்துணியைக் கொஞ்சம் அதிகமாகவே உள்ளே இழுக்கும், கூடுதல் துணி தானாக அடங்கிவிடும். பருத்தி இதற்கு நன்றாக இணங்கும்.

அரை அங்குலத்துக்கு அது போதாது. சுருக்கம் விழும். இதற்குச் சட்டம் போடுவதுதான் வழி. சுவரில் மாட்டும் போட்டோவுக்குச் சட்டம் போடுவதைப் போல ஒவ்வொரு கட்டத்தைச் சுற்றியும் ஒரே நிறத்தில் பட்டை தைத்து, பட்டையைத்தான் அளவுக்கு வெட்ட வேண்டும். கட்டத்தின் மேல் கத்தி படவே படாது. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே நிறம் என்றால் பக்கத்துக் கட்டத்தின் பட்டையோடு சேர்ந்து ஒரே தரையாகத் தெரியும். நட்சத்திரங்கள் அதன் மேல் மிதக்கும். ஒன்றின் சட்டம் சற்று அகலம், இன்னொன்றின் சட்டம் சற்று ஒடுக்கம் என்பதைக் கண் கண்டுபிடிக்காது.

பட்டையைத் துணியின் நீள இழைவாக்கில் வெட்டினால் குறைவாக நீளும். எவ்வளவு வேண்டும் என்று வாத்தியார் ஐயா சொல்லட்டும்.


கணக்கு வாத்தியார், மாரிட்ஸ்பர்க்
வெள்ளி, காலை 6:15

சொல்கிறேன். பட்டையை 2 அங்குல அகலத்தில் வெட்டுங்கள். இரு பக்கமும் தைத்தால் 12¼ அங்குலக் கட்டம் 15¼ ஆகும், 12¾ அங்குலக் கட்டம் 15¾ ஆகும். எல்லாவற்றையும் 14½-க்கு வெட்டுங்கள். சேர்த்த பிறகு ஒவ்வொன்றும் 14 அங்குலமாகத் தெரியும். சிறிய கட்டத்தின் சட்டம் பக்கத்துக்கு 1⅛ அங்குலம் தெரியும், பெரியதன் சட்டம் ⅞ தெரியும். வித்தியாசம் இரண்டு நூல்தான். மெஷின்காரி அம்மா சொன்னதைப் போல, ஒரே நிறத்தில் அது தெரியாது.

வெட்டும்போது ஓரத்திலிருந்து அளக்காமல் நட்சத்திரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நான்கு பக்கமும் 7¼ அங்குலம் அளந்து வெட்டுங்கள் என்று என் மனைவி சொல்லச் சொன்னார். இல்லாவிட்டால் நட்சத்திரம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுமாம்.

துணிக் கணக்கு. ஒரு கட்டத்துக்கு 13 அங்குலத்தில் இரண்டு பட்டை, 16 அங்குலத்தில் இரண்டு. 110 செ.மீ. அகலத் துணியில் கரை போக 42 அங்குலம் கிடைக்கும். 16, 13, 13 என்று ஒரு பட்டையில் மூன்று துண்டு, அப்படி 20 பட்டை. மிச்சமுள்ள 16 அங்குலத் துண்டுகளுக்கு 10 பட்டை. ஆக 30 பட்டை, 60 அங்குலம், அதாவது 1.52 மீட்டர். இது அகல இழைவாக்கில் வெட்டும் கணக்கு, ஒரு துளிகூட வீணாகாமல். அதனால் 2 மீட்டர் வாங்குங்கள். 2 மீட்டர் நீளம் கையில் இருந்தால் நீள இழைவாக்கிலும் வெட்டிக்கொள்ளலாம். அப்போது 78 அங்குலப் பட்டையில் 16-இல் மூன்று, 13-இல் இரண்டு என்று 14 பட்டை, மிச்சமுள்ள 13 அங்குலத் துண்டுகளுக்கு 2 பட்டை, ஆக 16 பட்டைக்கு மேல் வேண்டாம்.

குவில்ட் 56-க்கு 70 அங்குலம் ஆகும், ஏறக்குறைய 142-க்கு 178 செ.மீ. ஒரு ஆள் படுக்கைக்கு மேலே விரித்துக்கொள்ளப் போதும் என்று நினைக்கிறேன்.


லெனேஷியா தையல்
வெள்ளி, காலை 9:00

நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் அக்கா. அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரலால் பிரித்ததைப் படித்துவிட்டு என் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

ஒன்று சேர்க்கிறேன். வெளி ஓரத்தில் பார்டர் போடப் போகிறீர்கள் என்றால் குவில்ட்டின் ஓரத்தை அளந்து பட்டை வெட்டாதீர்கள். ஓரம் எப்போதும் கொஞ்சம் நீண்டிருக்கும். நடுவில் குறுக்காக அளந்து, இரண்டு எதிர்ப் பக்கத்துக்கும் அந்த ஒரே அளவில் வெட்டி, ஓரத்தை அதற்கு இணக்கித் தையுங்கள். என் முதல் குவில்ட்டில் இதைத் தெரியாமல் செய்ததால் ஓரமெல்லாம் அலை அலையாக வந்தது.


டோங்காட் பேத்தி
வெள்ளி, பகல் 12:40

சட்டத்துக்கு என்ன நிறம் யோசித்திருக்கிறீர்கள்? டர்பன் கிரே தெருப் பக்கம் போனால் வெற்றுப் பருத்தி நிறைய நிறத்தில் பார்க்கலாம். தெருவுக்கு டாக்டர் யூசுஃப் டாடூ பெயர் வைத்து எத்தனையோ வருடம் ஆகியும் எங்கள் வீட்டில் இன்னும் கிரே தெருதான். ஒரு கட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் துணிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பகல் வெளிச்சத்தில்.


நீலத்துணி, ஈஸ்ட் லண்டன்
வெள்ளி, மாலை 3:20

வாங்கிய துணியைத் துவைத்துக் காயவைத்துவிட்டு வெட்டுங்கள். ஷ்வேஷ்வே இன்னும் கொஞ்சம் சுருங்கும், சட்டமும் அப்போது சுருங்கினால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சொல்ல முடியாது. உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும்போது தையல் வரிகளை நெருக்கமாகப் போடுங்கள், ஒரு சாணுக்கு இரண்டு வரியாவது. நெருக்கமாக இருந்தால் முதல் துவைப்பில் வரும் சுருக்கம் குவில்ட் முழுவதும் சமமாகப் பரவும். முதல் துவைப்பு குளிர்ந்த தண்ணீரில், அதையும் நீங்களே செய்து காயவைத்துக் கொடுத்துவிடுங்கள். முதியோர் இல்லத்தில் சுடுதண்ணீரில் எல்லாவற்றோடும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள்.


சாட்ஸ்வர்த் ஊசிநூல்
ஞாயிறு, மாலை 6:30

நேற்று வகுப்பு நேரத்தில் எல்லோரும் சேர்ந்து சட்டம் வெட்டினோம். வெளிர் சாம்பல் நிறம், 2 மீட்டர், துவைத்துக் காயவைத்தது. நீள இழைவாக்கில்தான் வெட்டினோம். எல்லாவற்றையும் ஒரே ஸ்கேலை வைத்து ஒரே ஆள் அளந்தார், மற்றவர்கள் தைத்தார்கள். வெட்டும் முன் மூன்று பட்டைச் சோதனையை எல்லோருக்கும் வைத்தேன். 11 பேரில் நான்கு பேருக்குத்தான் முதல் தடவையே நடுப்பட்டை 1 அங்குலம் வந்தது. என்னுடையது ஒரு நூல் குறைவு. மெஷின் தட்டுகளிலெல்லாம் இப்போது மஞ்சள் நாடா ஒட்டியிருக்கிறது.

14 கட்டங்கள் 14½-க்கு வந்துவிட்டன. தரையில் விரித்துப் பார்த்தபோது எது 12¼, எது 12¾ என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவின் கட்டத்தைப் பின்பக்கத் தையலில் இருந்த பழைய துளைகளை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். அதை மேலிருந்து இரண்டாவது வரிசையில் நடுவாக வைத்திருக்கிறோம், படுப்பவர் கை எப்போதும் பட்டுக்கொண்டிருக்கும் இடம்.

மீதி 6 கட்டங்கள் வரும் சனிக்கிழமை. அடித்துணி தேடிக்கொண்டிருக்கிறோம். 178 செ.மீ. நீளத்துக்கு ஒட்டுப்போடாமல் கிடைக்கும் அகலத்துணி யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.


மெஷின்காரி, மெர்பேங்க்
ஞாயிறு, இரவு 7:05

என்னிடம் 240 செ.மீ. அகலத்தில் வெள்ளைப் பருத்தி 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் சும்மா கிடக்கிறது தங்கச்சி, படுக்கை விரிப்புக்கு வாங்கியது. ஷ்வேஷ்வே சாயம் விடவில்லை என்று உறுதி செய்துவிட்டுச் சொல்லுங்கள், சனிக்கிழமை காலை வகுப்புக்கே கொண்டுவந்து தருகிறேன். அந்த அம்மா வருவார் என்றால் எட்டு மணிக்கே வந்துவிடுவேன்.


சாட்ஸ்வர்த் ஊசிநூல்
ஞாயிறு, இரவு 7:20

சாயம் விடவில்லை, ஐந்து கட்டத்தையும் ஒற்றிப் பார்த்துவிட்டேன். அம்மா வருவார் அக்கா. இப்போதுதான் போனில் சொன்னேன், நீங்கள் எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தீர்கள் என்று கேட்கச் சொன்னார்.